கெண்டைக்கால் தசையும் நம் தொழிலும்

தறியின் மிதிகட்டை தேய்ந்தால் உடனே மாற்றுகிறோம்; மண்வெட்டி மழுங்கினால் தீட்டி வைக்கிறோம். அவற்றை இயக்கும் காலைப் பற்றியோ, அது நோகத் தொடங்கும் வரை எண்ணுவதில்லை. கால் ஓய்ந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். சங்கக் கடனின் தவணையும் தவறும். ஆதலின், கெண்டைக்கால் தசையைப் பற்றி அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

இரு தசைகள்

கெண்டைக்காலில் முதன்மையான தசைகள் இரண்டு. மேலே புடைத்துத் தோன்றுவது, முழங்காலுக்கு மேலே தொடை எலும்பின் அடியில் இரு கிளைகளாகத் தொடங்குகிறது. அதன் உள்ளே மறைந்துள்ள தட்டையான தசை, முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்புகளில் தொடங்குகிறது. இரண்டும் கீழே ஒன்றுகூடி, உடலிலேயே மிக வலிய நாணாகிக் குதிகால் எலும்பில் பொருந்துகின்றன.

காலை நீட்டி நடக்கும்போதும் ஏறும்போதும் மேல்தசை மிகுதியாக உழைக்கும். முழங்கால் மடங்கியிருக்கையில் அது தளர்ந்துவிடும். பாரம் உள்தசையைச் சாரும். குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டையை முன்பாதத்தால் அழுத்துபவருக்கு உழைப்பது பெரும்பாலும் இவ்வுள்தசையே. எனவே இரண்டையும் தனித்தனியே வலுப்படுத்த வேண்டும்.

இரத்தத்தை ஏற்றும் இறைப்பான்

இரத்தம் உடலைச் சுற்றி வருவதை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிறுவினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று, நாளங்களிலுள்ள ஒருவழிக் கதவுகள். கெண்டைக்கால் தசை சுருங்குந்தோறும் நாளத்திலுள்ள இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. கதவுகள் அதைக் கீழே இறங்கவிடுவதில்லை. விசைத்தறியருகே அசையாது நெடுநேரம் நிற்பவருக்கு இவ்விறைப்பு நடைபெறாமையால் இரத்தம் காலில் தேங்கும்; வீக்கம் காணும். அரைமணிக்கொரு முறை சில அடிகள் நடப்பதும், குதிகாலைப் பலமுறை உயர்த்தித் தாழ்த்துவதும் தக்க பரிகாரம்.

பயிற்சி முறை

1. சுவரையோ தூணையோ பற்றி நின்று, முழங்காலை மடக்காமல் இரு குதிகால்களையும் உயர்த்துக. இரண்டு எண்ணும் வரை நின்று, மெதுவாகத் தாழ்த்துக. பத்து முறை செய்து, சற்று ஓய்ந்து மீண்டும் பத்து முறை செய்க. பழகியபின் ஒற்றைக் காலில் செய்யலாம்.

2. முக்காலியில் அமர்ந்து, தொடையின் முன்பகுதியில் சிறு அரிசிப் பையை வைத்துக்கொண்டு குதிகால்களை உயர்த்துக. இது உள்தசைக்கு உரியது.

3. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையில் படிய முப்பது எண்ணும் வரை நிற்க. பின்னர் அம்முழங்காலைச் சிறிது மடக்கி அவ்வாறே நிற்க. மறு காலுக்கும் இதனைச் செய்க.

முதலிரண்டையும் ஒன்றுவிட்டு ஒருநாள் செய்தால் போதும். மூன்றாவதை நாள்தோறும் செய்யலாம். இரவில் கெண்டை பிடித்துக்கொண்டால், முழங்காலை நீட்டிப் பாதத்தை முகத்தை நோக்கி இழுத்தால் தளரும்.

எச்சரிக்கை

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி வலித்தால், உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்து உருவுதல் ஆகாது. உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே கேடு. உடனே மருத்துவமனைக்குச் செல்லுக. நடந்தால் வலித்து, நின்றால் தணியும் வலி, இரத்தக் குழாய் குறுகியதன் அறிகுறியாகலாம். பீடி பிடிப்போர் இதில் சிறப்பாகக் கவனம் கொள்ள வேண்டும்.

இப்பயிற்சிக்குச் செலவு ஒரு காசும் இல்லை; வேண்டுவது பத்து நிமிடமே. பாவு ஓடத் தொடங்குமுன் அதை ஒதுக்குமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.