மருதமலை அடிவாரத்திலிருந்து ஒரு மருந்துப் பாடம்

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நாம் எதிர்பார்த்தவைதான். சர்க்கரை இருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, ஆடுகிற பல் ஏதாவது இருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். கொங்கு நாட்டிலும் ஆந்திரத்திலும் இந்த வரிசையில் இன்னொரு கேள்வியும் வருவதுண்டு: “நீங்க ஆரிய வைசியருங்களா?” ஆஸ்பத்திரியிலும் சாதியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் டாக்டர் தேடுவது சாதியை அல்ல, ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறதா இல்லையா என்பதை.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைச் சில நிமிடங்கள் மட்டும் தளர்த்தி வைக்கும் மருந்து சக்ஸமெத்தோனியம். நம் மருத்துவமனைகளில் அதற்கு ஸ்கோலின் என்றுதான் பெயர். ரத்தத்தில் உள்ள ப்யூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இந்த மருந்தைச் சட்டென்று சிதைத்துவிடும். அதனால்தான் அதன் வேலை ஐந்து, பத்து நிமிடங்களில் முடிந்துபோகிறது. அந்த நொதி இல்லாதவருக்கு அதே ஊசி மணிக்கணக்கில் இறங்காது. நெஞ்சுத் தசையும் தளர்ந்து கிடப்பதால் அவரால் தானாக மூச்சுவிட முடியாது. வென்டிலேட்டரில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் முழுதாகத் தேறிவிடுவார். அப்படிக் காத்திருக்க வசதியில்லாத சின்ன மருத்துவமனையில், காரணமும் புரியாமல் போனால், ஒரு சாதாரண குடல்வால் ஆபரேஷன் உயிருக்கே உலை வைத்துவிடும்.

கோவை மருதமலை அடிவாரத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மனோகரனும் பூபதியும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். கோவை வட்டார வைசியக் குடும்பங்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 25 பேரில் ஒருவருக்கு இந்த நொதி வேலை செய்யவே இல்லை என்று தெரிந்தது. ஐரோப்பியரில் இது ஒரு லட்சத்தில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். ஜெர்மனியின் லேயர், அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒக்ஸானா லாக்ரிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து அவர்கள் 2006இல் காரணத்தையும் வெளியிட்டார்கள். நொதியின் 307ஆவது இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் உட்கார்ந்திருக்கிறது. ஓர் அமினோ அமிலம் மாறியதில் மொத்த நொதியும் முடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட இன்னோர் அறிக்கை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. இந்த நொதியே இல்லாத மனிதர்கள் மற்றபடி முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. அவர்களுக்கு நோய் என்று எதுவும் இல்லை. அந்த ஒரு மருந்து உடம்பில் ஏறும்வரை யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

ஒருவருடைய மரபணு அவர் உடம்பில் மருந்து நடந்துகொள்ளும் விதத்தை எப்படி மாற்றுகிறது என்று படிப்பதுதான் பார்மகோஜீனோமிக்ஸ், மருந்து மரபணுவியல். வெர்னர் காலோவ் 1950களில் கனடாவில் இதே நொதியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1959இல் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் ஃபோகெல் இந்தத் துறைக்கு அதன் பழைய பெயரான ‘பார்மகோஜெனெடிக்ஸ்’ என்பதை வைத்தார். கோவைக்குப் பக்கத்துத் திருப்பூரின் பிள்ளைகள் பலர் இதை எங்கோ பாஸ்டனிலும் லண்டனிலும் நடக்கிற படிப்பாக நினைக்கிறார்கள். இதன் முக்கியப் பாடங்களில் ஒன்று திருப்பூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எழுதப்பட்டது. திருப்பூர் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் இணைந்திருப்பதும் அதே பல்கலைக்கழகத்தோடுதான்.

இன்னொரு பாடம் அதற்கும் முன்பே சென்னையில் எழுதப்பட்டது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று அது ஐ.சி.எம்.ஆர். நடத்தும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய் மருந்தான ஐசோனியசிட்டைச் சிலர் உடம்பு வேகமாகச் செயலிழக்கச் செய்கிறது, சிலர் உடம்பு மெதுவாக. தென்னிந்தியரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் மெதுவான ரகம். அந்த மையத்தின் ஆய்வுகளில், மெதுவானவர்களுக்கு மருந்து தேங்கிக் கை கால் எரிச்சலும் மரத்துப்போதலும் அதிகமாக வந்தன. வேகமானவர்களுக்குச் சிக்கல் வேறு. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையில், குணமாவதில் அவர்கள் பின்தங்கினார்கள். மரபணுவை வரிசைப்படுத்தும் கருவி என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத காலத்தில், ஏழை நோயாளிகளை நேரில் கவனித்துக் கண்டறிந்தது இது. இதற்குக் காரணமான நாட்-2 மரபணு பின்னால்தான் அடையாளம் காணப்பட்டது. மேல்படிப்பு மாணவர்கள் அந்தப் பழைய சென்னை ஆய்வுகளைத் தேடிப் படிக்க வேண்டும். இன்றைய பல ஆய்வுக் கட்டுரைகளில் இல்லாத தெளிவு அவற்றில் இருக்கிறது.

புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையில் ஆதித்தன் தலைமையிலான குழு தமிழர்களின் மரபணு மாறுபாடுகளைப் பல ஆண்டுகள் அளந்தது. அவற்றில் ஒன்று சி.ஒய்.பி.2சி19. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் விழுங்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையைக் கல்லீரலில் வேலைக்குத் தயார் செய்யும் நொதி இது. நொதி பலவீனமாக இருந்தால், மாத்திரை உள்ளே போனாலும் ரத்தம் உறைவதை அதனால் சரியாகத் தடுக்க முடியாது. 2003இல் வெளியான அந்த ஆய்வின்படி, தமிழரிடம் இந்த மரபணுவின் பிரதிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பலவீனமான வடிவம். இரு பிரதிகளும் பலவீனமானவர்கள் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை வெளியிட்டது 2010இல். முதலமைச்சர் காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் எத்தனை பேரிடம் யார் இதைச் சொல்கிறார்கள்? மாற்று மருந்துகள் இருக்கின்றன, டாக்டர்களும் பலருக்கு அவற்றை எழுதுகிறார்கள். ஆனால் யாருக்கு எது வேண்டும் என்பது இன்னும் மரபணு பார்த்து முடிவாவதில்லை.

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஐரோப்பிய பையருக்கு ஓர் அளவு அட்டவணை, அமெரிக்க பையருக்கு வேறு அட்டவணை. ஒன்றை வைத்து இன்னொன்றைத் தைத்து அனுப்பினால் சரக்கு திரும்பி வரும். மருந்தின் அளவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் சோதித்து முடிவானவை. அவற்றை மாற்றாமல் அப்படியே நாம் விழுங்குகிறோம்.

அந்த ‘நாம்’ யார் என்பதும் திருப்பூரில் சிக்கலான கேள்வி. ஒரே நிட்டிங் யூனிட்டில் தாராபுரத்துக்காரரும் தேனிக்காரரும் ஒடிசாக்காரரும் ஜார்க்கண்ட் பழங்குடி இளைஞரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு மலேரியா நீண்டகாலம் வாட்டிய நிலப்பகுதிகளில் அதிகம். ஒடிசா, ஜார்க்கண்ட் பழங்குடிப் பகுதிகள் அப்படிப்பட்டவை. வைவாக்ஸ் மலேரியா கல்லீரலில் ஒளிந்துகொள்ளும். அதை அங்கிருந்து விரட்ட 14 நாள் பிரைமாக்வின் மாத்திரை கொடுப்பது வழக்கம். ஜி6பிடி குறைந்தவருக்கு அதே மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்துப்போகும், ரத்தம் குறையும். இது எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண்களிடம்தான் அதிகம் வெளிப்படும். திருப்பூருக்கு ரயிலேறி வருபவர்களிலும் பெரும்பாலோர் இளைஞர்கள். சொந்த ஊர் போய்வந்து காய்ச்சலில் படுக்கும் ஒரு செக்கிங் பையனுக்கு மாத்திரை எழுதும்முன் எந்த மாவட்டம் என்று கேட்டுவிட்டு, கையோடு ஒரு ஜி6பிடி பரிசோதனையும் செய்வது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அந்தப் பரிசோதனைக்கு மரபணு வரிசை தேவையில்லை, ரத்தம் போதும்.

அதேபோல வைசியருக்கான நொதிப் பரிசோதனையும் புதிதல்ல. பூச்சிமருந்து விஷம் ஏறியவர்களுக்குப் பார்க்கும் கோலினெஸ்டரேஸ் அளவுதான் அது. கையில் இருக்கும் பரிசோதனையைச் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கேட்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. சமூகத்தின் பெயர் ஒரு துப்பு மட்டுமே. அந்தச் சமூகத்தில் பெரும்பாலோருக்கு நொதி நன்றாகவே இருக்கிறது. வேறு சமூகத்தில் பிறந்தும் குறைபாடு உள்ளவர் இருக்கலாம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் துறைக்குள் வருகிறவர் சாதிப் பெருமைக்கோ சாதி இழிவுக்கோ புதிய சொற்களைத் தயாரித்துத் தருவார். வகுப்பின் முதல் வாரத்திலேயே இதைப் பேசிவிட வேண்டும்.

ஏன் இங்கே இப்படி? சொந்தத்திலும் சமூகத்துக்குள்ளும் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்துகொண்டதால், சில மூதாதையரின் மரபணு மாற்றங்கள் ஒரு கூட்டம் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களைப் பார்த்தார்கள். 81 குழுக்களில் இந்த விளைவு, இதற்குப் பேர்போன அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்துக்காரர்களையும் விட அழுத்தமாக இருந்தது. வைசியரின் நொதிக் குறைபாடு தெரியவந்தது ஒரு தசைத் தளர்த்தி மருந்து காட்டிக்கொடுத்ததால். யாரும் இன்னும் பார்க்காத மற்றவை எத்தனை? இங்கே பிறந்து, இங்குள்ள பேச்சும் உறவுமுறையும் தெரிந்த ஒருவரால்தான் அவற்றைத் தேடிப் போக முடியும்.

சரி, படிப்பு. ‘பார்மகோஜீனோமிக்ஸ்’ என்ற பெயரிலேயே பட்டம் தேடினால் ஏமாற்றம்தான். நம் நாட்டில் அது பெரும்பாலும் வேறு பட்டங்களுக்குள் ஒரு தாளாக, ஓர் ஆய்வுக்கூடமாக இருக்கிறது. உள்ளே போக வழிகள் பல. பி.எஸ்சி. முடித்தவர்கள் உயிரித்தொழில்நுட்பத்திலோ மனித மரபியலிலோ எம்.எஸ்சி. சேரலாம். பாரதியாரில் இரண்டு துறையும் உண்டு. ஜிஏடி-பி தேர்வு எழுதினால் நாடு முழுக்க உள்ள பல்கலைக்கழகங்களின் உயிரித்தொழில்நுட்ப இடங்கள் திறக்கும். பி.பார்ம். முடித்தவர்கள் ஜிபேட் எழுதி எம்.பார்ம். மருந்தியலோ மருந்தக நடைமுறையோ எடுக்கலாம். தகுதி பெற்றவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பிளஸ் டூவிலிருந்து நேரே ஆறு வருட பார்ம்.டி. படிப்பும் 2008 முதல் இருக்கிறது. அதன் மாணவர்கள் வார்டிலேயே பயிற்சி பெறுவதால், நோயாளியின் மருந்துச் சீட்டோடு நேரடியாகப் பழகுகிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எம்.டி. மருந்தியல் படித்து, அதற்கு மேல் ஜிப்மரில் கிளினிக்கல் பார்மகாலஜி டி.எம். வரை போகலாம்.

ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி. தவிர்க்க முடியாது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் போன்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இந்தத் தொகையை வெளிப்படையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் நாளையே சம்பளம் தருகிற ஊர் திருப்பூர். பவர் டேபிளில் உட்கார்ந்தால் சனிக்கிழமை கையில் பணம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு டெய்லரின் மகள் ஏழெட்டு வருடம் படிக்கிறேன் என்றால், “அப்புறம் என்ன வேலைங்க?” என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டும்.

‘பார்மகோஜீனோமிஸ்ட் தேவை’ என்று விளம்பரம் வருவது அபூர்வம். வேலை வேறு பெயர்களில் இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத் மரபணுப் பரிசோதனை நிறுவனங்களில் மாறுபாடுகளைப் படித்து அறிக்கை எழுதும் வேலை. மருந்து நிறுவனங்களுக்காக மருத்துவ ஆய்வு நடத்தும் நிறுவனங்களில் பக்கவிளைவுத் தரவுகளைக் கவனிக்கும் வேலை. பெரிய புற்றுநோய், ரத்தநோய் மையங்களில் மருந்தாளர் வேலை. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் தரும் பூசல்ஃபான் போன்ற மருந்துகளின் மரபணுப் பின்னணியை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். மரபணு ஆலோசகர் என்ற தொழிலும் வளர்கிறது. பைத்தான், ‘ஆர்’ போன்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்த உயிரியல் மாணவருக்கு இவை அனைத்திலும் கதவு அகலம். அது தெரியாதவருக்குக் கதவு குறுகல் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

வெளிநாட்டில் நிலைமை முன்னேறியிருக்கிறது. சிங்கப்பூரில் 2013 முதல், வலிப்பு மருந்தான கார்பமாசெபினைப் புதிதாகத் தொடங்கும்முன் எச்.எல்.ஏ.-பி 15:02 மரபணுவைப் பார்ப்பது முறையாகிவிட்டது. தோல் உரிந்து உயிரையே பறிக்கும் எதிர்வினையைத் தடுப்பதற்காக. ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் ஏறத்தாழ 7,000 நோயாளிகளிடம் 12 மரபணுக்களைப் பார்த்து மருந்து கொடுத்த ஆய்வு 2023இல் வெளியானது. பக்கவிளைவுகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே போய்ப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த 12 மரபணுக்களின் பட்டியல் ஐரோப்பியரைக் கருத்தில் வைத்துத் தயாரானது. லுக்கீமியாவுக்கும் குடல் அழற்சிக்கும் தரும் தயோப்யூரின் மருந்துகளில் அவர்கள் முதலில் பார்ப்பது டி.பி.எம்.டி. மரபணுவை. நம்மவருக்கு அதைவிட முக்கியம் 2014இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டறிந்த நுட்-15. அந்தப் பட்டியலை நமக்கேற்பத் திருத்தி எழுத ஆள் வேண்டும்.

அதற்கான தரவு இப்போது இருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியரின் முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்தி, 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. திட்டம் எழுதி அனுமதி பெற்றால் பயன்படுத்தலாம். அடுத்த ஜூனில் எம்.எஸ்சி.யோ எம்.பார்ம்.மோ சேரப்போகும் திருப்பூர் மாணவர் தன் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது, 2022இல் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருந்தகத்தில் எந்த மாத்திரைகள் அதிகம் போகின்றன என்று முதலில் கேட்கட்டும். அவற்றில் மரபணு குறுக்கிடும் மாத்திரைகள் எவை என்று பிரிக்கட்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கச் சில மாதம் ஆகும் என்பதால், விண்ணப்பத்தை முதல் செமஸ்டரிலேயே எழுதத் தொடங்குவது நல்லது.