கிரேக்கச் சிறுதட்டும் எங்கள் லயன் அடுப்பும்

பெல்மதுளைச் சந்தியில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் ஒரு தட்டில் சோறும் அதைச் சுற்றி நான்கு கறிகளும் வரும். அந்தத் தட்டு ஒருவருக்கு உரியது. கிரேக்க உணவகத்தில் ஒழுங்கு வேறு. நான்கு கறியும் நான்கு சிறு தட்டுகளில் மேசையின் நடுவே வரும். பக்கத்தில் பாண் இருக்கும். எல்லோரும் எல்லாவற்றிலும் எடுத்துச் சாப்பிட வேண்டும். இந்தச் சிறுதட்டு உணவுக்கு 'மெசே' என்று பெயர். சுவை என்று பொருள்படும் பாரசீகச் சொல் துருக்கி வழியாகக் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

லண்டன், டொரொன்டோ, மெல்பேர்ன் என்று எம்மவர்கள் வாழும் நகரங்களில் இந்த உணவு இப்போது புதிய கோலத்தில் விற்கப்படுகிறது. தட்டு சிறியது, அலங்காரம் அதிகம், விலையும் அதிகம். லண்டனில் சமையலறை வேலை செய்யும் என் சித்தி மகன்தான் என்னை முதன்முதலில் அப்படியொரு கடைக்குக் கூட்டிப் போனான். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது என்று சொல்லித் தந்தவனும் அவன்தான். ஆளுக்கு இரண்டு மூன்று தட்டு என்று கணக்கு. முதலில் குளிர்ந்தவை, பிறகு சூடானவை. எது முதலில் தயாராகிறதோ அது முதலில் மேசைக்கு வரும்.

பெயர்கள் புதிது என்றாலும் சுவைகள் எமக்கு அந்நியமில்லை. 'சாட்சிகி' என்பது தயிரில் வெள்ளரிக்காயும் உள்ளியும் சேர்த்த பச்சடி. 'ஃபாவா' என்பது மஞ்சள் பருப்பை அவித்து மசித்து, மேலே ஒலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் விட்டது. 'டோல்மாதெஸ்' என்பது திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி அவித்தது. 'பஸ்துர்மா' என்பது வெந்தயமும் உள்ளியும் அரைத்துப் பூசிக் காயவைத்த இறைச்சி.

பண்டைக் கிரேக்கர்கள் உணவை இரண்டாகப் பிரித்தார்கள். பாண், கஞ்சி போன்ற தானிய உணவு 'சிட்டோஸ்'. அதற்குத் தொட்டுக்கொள்வது 'ஒப்சோன்'. எமது சோறும் தொடுகறியும் போன்ற பிரிவுதான் இது. லண்டனில் 'ஒப்சோ' என்ற பெயரிலேயே ஒரு நவீன கிரேக்க உணவகம் இருக்கிறது. சோக்கிரட்டீஸ் பற்றி அவருடைய மாணவர் செனபோன் எழுதிய ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். கூட்டு விருந்துக்குச் சிலர் நிறையவும் சிலர் கொஞ்சமாகவும் கறி கொண்டு வருவார்களாம். கொஞ்சமாக வந்ததைப் பொதுவில் வை, அல்லது எல்லோருக்கும் பங்கிடு என்று பணியாளிடம் சொல்வாராம் சோக்கிரட்டீஸ். அதைப் பார்த்த பிறகு, நிறையக் கொண்டு வந்தவர்களுக்குத் தம்முடையதைப் பதுக்கி வைக்க முகம் இருக்காது.

ஆனால் இன்று கிரேக்க உணவு என்று உலகம் கொண்டாடும் பல தட்டுகள் அகதிகளோடு வந்தவை. 1922 செப்டம்பரில், இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரமான ஸ்மிர்னா எரிந்தது. 1923 ஜனவரியில் லொசான் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, மக்களை மதத்தின் அடிப்படையில் மாற்றிக்கொள்ள வழி செய்தது. ஏறக்குறைய 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய 4 இலட்சம் முஸ்லிம்கள் கிரேக்கத்தை விட்டுத் துருக்கிக்குப் போனார்கள். இவர்களில் எவரையும் விருப்பம் கேட்டு அனுப்பவில்லை.

வந்தவர்கள் சீரகத்தையும் கறுவாவையும் கைப்பக்குவத்தையும் கொண்டு வந்தார்கள். சீரகமும் உள்ளியும் மணக்கும், தக்காளிக் குழம்பில் வேகும் இறைச்சி உருண்டைக்கு இன்றும் 'ஸ்மிர்னா சுட்சுகாகியா' என்றே பெயர். ஆனால் உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் 'துருக்கிய வித்துகள்' என்றார்கள். 'தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்' என்றும் ஏளனம் செய்தார்கள். மதம் ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு மொழியும் ஒன்று. இருந்தும் சாப்பாட்டைச் சொல்லியே இழிவுபடுத்தினார்கள்.

இதை வாசிக்கும்போது எமக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் போகாது. 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். சித்தி குடும்பமும் அப்படிப் போனதுதான். கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் அவர்களோடு போயின. அங்கே காடு வெட்டினார்கள், வயலில் கூலிக்கு நின்றார்கள், 2009 வரை எல்லா இழப்பிலும் பங்கெடுத்தார்கள். அப்படியிருந்தும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைத் தமிழர் வாயிலிருந்தே கேட்டார்கள். போரில் சேர்ந்து செத்தவர்களிடையேயும் இந்தப் பிரிவு இருந்தது என்பதை நாம் பேசத்தான் வேண்டும்.

ஒப்பீடு இந்த இடத்தில் முறிகிறது. லொசான் உடன்படிக்கைப்படி, கிரேக்க மண்ணில் கால் வைத்த அகதிக்கு அப்போதே குடியுரிமை கிடைத்தது. வாக்கும் இருந்தது. வறுமையும் சேரி வாழ்க்கையும் நெடுங்காலம் நீடித்தாலும் அவர்கள் அந்த நாட்டின் ஆட்களாக நின்றார்கள். எமக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த குடியுரிமையையும் பறித்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது.

சாப்பாட்டுக்கு மரியாதை கிடைப்பது சமைத்தவனுக்கு மரியாதை கிடைத்த பிறகுதான் என்று எனக்குப் படுகிறது. ஸ்மிர்னாவின் உருண்டை ஏளனத்திலிருந்து தேசிய உணவானதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. அதை உருட்டிய கைக்குப் பிரஜை என்ற நிலை இருந்தது. எங்கள் பக்கம் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தேத்தண்ணி நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தியின் ரொட்டிக்கு இன்னொருத்தியின் சம்பலைத் தொட்டுக்கொள்கிறார்கள். லண்டனில் காசு கொடுத்து வாங்கும் பகிர்வு இதுதான். இங்கே அதை ஏழ்மை என்கிறோம்.

லயன் அறையில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அடுப்படி ஓர் ஆள் திரும்பும் அளவுதான். சொந்தக் காணியில் சொந்த அடுப்பு என்ற கோரிக்கையை வீடமைப்புக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. வன்னியில் இருக்கும் எங்கள் உறவுகளின் வீட்டு அடுப்புக்கும், பெல்மதுளையில் எஞ்சியிருக்கும் லயன் அடுப்புக்கும் கதை ஒன்றுதான். அந்த அடுப்புகளில் என்ன வெந்தது, எப்படி வெந்தது என்று அம்மாக்களிடம் கேட்டு எழுதி வைக்க அரசின் அனுமதி தேவையில்லை.