பழைய வேனும் ஓயாத பழுதும்

தோட்டப்புறங்களில் இன்று பல குடும்பங்கள் எழுவர் அமரக்கூடிய பழைய வேனொன்றை வைத்துள்ளன. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பெருநாட்களில் உறவினர் இல்லம் செல்லவும் அதுவே துணை. பேருந்து வராத செம்பனைத் தோட்டத்தில் வேன் நின்றுவிட்டால் குடும்பத்தின் அன்றாட அலுவல்களும் நின்றுவிடுகின்றன.

புரோட்டோன் எக்சோரா, பெரோடுவா அல்சா ஆகிய இரண்டும் 2009ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் முதலில் வந்தவை பதினைந்து ஆண்டுகளைக் கடந்து, கைமாறிக் கைமாறி இன்று மலிவாகக் கிடைக்கின்றன. விலை இறங்கினாலும் பழுதுச் செலவு இறங்குவதில்லை. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. இஞ்சினை ஒருமுறை பிரிக்க நேர்ந்தால் அத்தொகை முழுவதும் பட்டறையிலேயே கரைந்துவிடக்கூடும்.

ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவதேன்? கெட்டுப்போன பாகம் மாற்றப்படுகிறது. அது கெட்டதன் காரணம் ஆராயப்படுவதில்லை. இதுவே பெரும்பாலும் மூலகாரணம் எனலாம்.

பேட்டரியை எடுத்துக்கொள்வோம். புதிய பேட்டரி சில மாதங்களிலேயே இறங்கிவிட்டால், குற்றம் அதனுடையதாக இல்லாமலும் இருக்கலாம். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் காட்டவேண்டும். 13க்கும் கீழே நின்றால் மின்னாக்கியையோ, அதன் பெல்ட்டையோ, இணைப்புக் கம்பியையோ பார்க்கவேண்டும். சில நிமிடச் சோதனை, இன்னொரு பேட்டரியின் விலையை மிச்சப்படுத்தும்.

அடுத்தது இஞ்சின் கொதிப்பு. ரேடியேட்டரில் நீர் குறைந்தால் குழாய்நீரை ஊற்றி ஓட்டுவது பலரது வழக்கம். மூடிய அமைப்பில் நீர் தானாகக் குறையாது; குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். ரப்பர் குழாய், நீர்ப்பம்பு, ரேடியேட்டர் மூடி ஆகியவற்றை முதலில் சோதிக்கவேண்டும். மூடி காக்கும் அழுத்தத்தினால்தான் நீர் 100 பாகை செல்சியசிலும் கொதிக்காமல் இருக்கிறது. மலிவான அம்மூடி தேய்ந்தாலும் கொதிப்பு வரும். வெறும் நீர் உட்பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே குளிர்நீர்க் கலவையையே பயன்படுத்துதல் வேண்டும். ஊசி சிவப்பை நெருங்கினால் உடனே ஓரமாக நிறுத்திவிடுங்கள். மேலும் ஓட்டினால் இஞ்சின் தலைப்பாகம் வளைந்து, சிறிய கசிவு பெருஞ்செலவாகிவிடும். சூடாக இருக்கையில் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்; பீறிடும் கொதிநீர் முகத்தைச் சுட்டுவிடும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத டைமிங் பெல்ட். இது அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி உடையும். எக்சோராவில் பெல்ட் உண்டு. 2009ஆம் ஆண்டு அல்சாவில் சங்கிலி உண்டு. பழைய வேனை வாங்குவோர், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு இரசீது கேட்கவேண்டும். இரசீது இல்லையேல் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அச்செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுவது அறிவுடைமை. உரிமை மாற்றத்தின்போது நடைபெறும் சோதனை, இஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

வேனில் ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த தொகை ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். எண்ணெய் மாற்றவேண்டிய நாளை அது நினைவூட்டும். புதிய பட்டறைக்குச் சென்றாலும் பழைய வரலாறு கையில் இருக்கும். ஆண்டிறுதியில் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். ஓராண்டுப் பழுதுச் செலவு வேனின் இன்றைய விலையில் பாதியை எட்டி, கோளாறும் தீரவில்லையெனில், அதை விற்றுவிடுவது பற்றிக் குடும்பத்தார் கூடி ஆலோசிப்பது நன்று.

“இதுவரை இவ்வளவு செலவழித்துவிட்டோமே” என்ற எண்ணம் மேலும் செலவழிக்கக் காரணமாகிவிடக் கூடாது. போன பணம் திரும்பாது. இனிப் போகவிருக்கும் பணமே நம் கையில் உள்ளது.