கோகுவா வெஜிட்டாவா? கூப்பிடுங்க பீஷ்மரை!

டிராகன் பால் பார்த்து வளர்ந்த எவன்கிட்ட வேணும்னாலும் போய் "கோகு பெரியவனா, வெஜிட்டா பெரியவனா"ன்னு கேட்டுப் பாருங்க மக்களே. உங்க அடுத்த ரெண்டு மணி நேரம் காலி. எம்.ஜி.ஆரா சிவாஜியா, ரஜினியா கமலான்னு பஞ்சாயத்து பண்ணியே பழகின ஊர்க்காரங்க நாம, நமக்கு இது புதுசு இல்ல. ஆனா இதுல ஒரு விசேஷம் இருக்கு. ரஜினி நெத்தியிலயோ கமல் நெத்தியிலயோ யாரும் நம்பர் எழுதி ஒட்டலை. இவனுங்க நெத்தியில ஒட்டியிருக்கு. நம்பர் இருந்தும் சண்டை தீரலை. ஏன் தீரலைங்கறதுதான் இந்தப் பதிவு.

பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. அகிரா டோரியாமா 1984-லேர்ந்து 1995 வரைக்கும் ஜப்பான்ல 'ஷோனென் ஜம்ப்' வார இதழ்ல வரைஞ்ச படக்கதை டிராகன் பால், மொத்தம் 42 தொகுதி. இதோட பிற்பாதிதான் 'டிராகன் பால் ஸீ'ங்கற பேர்ல 1989-லேர்ந்து 1996 வரைக்கும் 291 எபிசோடா டிவியில ஓடினது. டோரியாமா 2024 மார்ச்ல தன்னோட 68-வது வயசுல காலமானார். கதையில சாய்யான்னு ஒரு இனம், சண்டை போடுறதே அவங்க தொழில். அந்த இனத்தோட இளவரசன் வெஜிட்டா. அதே இனத்துல கடைநிலைப் போர்வீரன்னு முத்திரை குத்தி, கைக்குழந்தையாவே பூமிக்கு அனுப்பி வைக்கப்பட்டவன் கோகு.

பேரைக் கேட்டு மிரள வேண்டாம். ஜப்பானிய மொழியில காய்கறிக்கு 'யாசாய்'னு பேரு, அதைத் திருப்பிப் போட்டா சாய்யான். வெஜிட்டான்னா வெஜிட்டபிள். கோகுவுக்குப் பொறந்த வீட்டுல வச்ச பேரு ககரோட்டு, அதாவது கேரட். ஆக மொத்தத்துல இது கோயம்பேடு மார்க்கெட்டுல நடக்க வேண்டிய சண்டை. விண்வெளிக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

நான் குப்பை கொட்டுற டெக்சஸுக்கும் இந்தச் சண்டைக்கும் ஒரு பந்தம் உண்டு. 1994-ல ஆரம்பிச்ச ஃபனிமேஷன் கம்பெனி, டாலஸை ஒட்டியிருக்கிற ஃபோர்ட் வொர்த் பக்கம்தான் கடை போட்டுது. 1999-லேர்ந்து கோகுவும் வெஜிட்டாவும் அமெரிக்க டிவியில பேசின இங்கிலீஷ் இந்த ஊர்ல ரெக்கார்டிங் பண்ணினது. அதனால இங்க இருந்துக்கிட்டு இதைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நானே சொல்லிக்கறேன், ஹி ஹி.

சரி, நம்பர் விஷயத்துக்கு வருவோம். கோகுவோட அண்ணன் ராடிட்ஸ் பூமியில வந்து இறங்குறான். கண்ணுல பச்சைக் கண்ணாடி மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கான். அதுக்குப் பேரு ஸ்கவுட்டர். எதிர்ல நிக்கிற ஆளோட பலத்தை ஒரே நம்பர்ல காட்டிடும். துப்பாக்கியோட வந்த விவசாயிக்கு 5. அப்புறம் வெஜிட்டா வர்றப்போ அவன் பலம் 18,000. கோகுவைப் பார்த்து வெஜிட்டா அலறின "9000-க்கு மேல!" வசனம் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். இதுல ரெண்டு வேடிக்கை இருக்கு.

முதல் வேடிக்கை: ஜப்பானிய மூலத்துல அது 8000. இங்கிலீஷ்ல பேச வைக்கும்போதுதான் 9000 ஆச்சு. உலகம் பூரா பனியன்ல அடிச்சு வித்த நம்பரே தப்பான நம்பர்!

ரெண்டாவதுதான் முக்கியம். அந்த வசனத்தைச் சொன்ன கையோட வெஜிட்டா என்ன பண்றான்? ஸ்கவுட்டரைக் கழட்டிக் கையாலயே நொறுக்குறான். வசனம் ஞாபகம் இருக்கிற நமக்கு, அவன் உடைச்சது மறந்து போச்சு. நம்பர் வச்சுச் சண்டை போடுற அத்தனை பேரும் அந்த ஒரு காட்சியைத் திரும்பப் பார்க்கணும்னு நான் சொல்லுவேன். ஏன்னா, டோரியாமா அந்த மெஷினைக் கண்டுபிடிச்சதே உடைக்கறதுக்குத்தான். பூமிக்காரங்க பலத்தை ஒளிச்சு வச்சுக்குவாங்க, வேணுங்கறப்போ ஒரே நொடியில ஏத்துவாங்க. மெஷின் பாவம், அந்த நொடியை மட்டும்தான் பார்க்கும். அப்புறம் 5,30,000-னு சொல்லிக்கிட்டு ஃப்ரீஸா வந்தான். அவன் கதை முடிஞ்சதும் நம்பரும் கிட்டத்தட்ட முடிஞ்சது. அதுக்கப்புறம் ட்ரங்க்ஸ்னு ஒரு பையன் வர்றான். ஃப்ரீஸா ஆள் ஒருத்தன் ஸ்கவுட்டர்ல பார்த்துட்டு 5-ன்னு சொல்லிச் சிரிக்கறான். அந்தப் பையன்தான் ஃப்ரீஸாவைத் துண்டு துண்டா வெட்டினவன். விவசாயிக்கும் 5, இவனுக்கும் 5. கணக்கு எப்படி?

இந்த மாதிரி நம்பர் போடுற வேலையை ஜப்பான்காரங்க கண்டுபிடிக்கலைங்க. நம்ம பாரதத்துல இருக்கு. உத்தியோக பருவத்துல, போர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி துரியோதனன் பீஷ்மர்கிட்ட கேக்குறான், ரெண்டு பக்கமும் யார் யார் ரதர், யார் யார் அதிரதர்னு சொல்லுங்க தாத்தான்னு. பெருசும் உட்கார்ந்து வரிசையா மார்க் போடுது. கர்ணன் முறை வந்ததும், இவன் அரை ரதன்னு சொல்லிடுறாரு. துரோணரும் ஆமாம் போடுறாரு. கர்ணனுக்கு வந்ததே கோவம்! நீர் இருக்கிற வரைக்கும் நான் களத்துல இறங்க மாட்டேன்னுட்டான்.

விளைவு என்ன? பீஷ்மர் பத்தாவது நாள் விழுற வரைக்கும் கர்ணன் சண்டைக்கே வரலை. பதினெட்டு நாள் போர்ல பத்து நாளை ஒரே ஒரு மார்க் தின்னுடுச்சு. அம்புப் படுக்கையில இருக்கறப்போ கர்ணன் வந்து பார்க்கறான். அப்ப பீஷ்மர் சொல்றதுதான் கொடுமை. உன் வேகத்தைக் குறைக்கணும்னுதான் கடுமையாப் பேசினேன், வில்லுல நீ அர்ச்சுனனுக்குச் சமம்னு ஒத்துக்கறாரு. அதாவது, ஸ்கவுட்டர்ல தெரிஞ்ச நம்பர் கர்ணனோட பலம் இல்ல, பீஷ்மரோட அரசியல்.

நம்பரைப் பார்த்தா முதல்ல கேக்க வேண்டியது "எவ்வளவு?" இல்லீங்க. "யார் போட்டது, எதுக்குப் போட்டாங்க?"

இப்போ எங்க அபார்ட்மென்ட்டுக்கு வாங்க. ரிச்சர்ட்சன்ல மூணு பேர் தங்கியிருக்கோம். வெஜிட்டா கட்சிக்காரன் சேலம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கட்-ஆஃப் 198.5, சென்னையில பெரிய காலேஜ், கேட்ட பிராஞ்ச். கோகு கட்சிக்காரன் விருதுநகர் பக்கம். கட்-ஆஃப் 162, ஊருக்குப் பக்கத்துல ஒரு சுயநிதிக் கல்லூரி. நான் 174.5, ரெண்டுக்கும் நடுவுல, அதனால சோறு வடிக்கறதும் தீர்ப்பு சொல்றதும் என் டிபார்ட்மென்ட்.

போன செமஸ்டர்ல ஒரு லேப்ல ஆர்.ஏ. இடம் ஒண்ணு காலியாச்சு. ஃபீஸ் தள்ளுபடி, மாசாமாசம் கைக்குக் காசு. ரெண்டு பேரும் அப்ளை பண்ணினாங்க. விருதுநகருக்குக் கிடைச்சுது. வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசலை. பேசினதெல்லாம் கோகுவும் வெஜிட்டாவும்தான்!

ஒரு நாள் ராத்திரி வாதம் முத்திப்போய், விருதுநகர் கேட்டான்: "மாப்ள, இளவரசனாப் பொறந்து, அத்தனை ட்ரெய்னிங் எடுத்தும், கடைசியில கேரட்கிட்டத் தோத்தான்ல?"

சேலம் தட்டைக் கீழ வச்சுட்டு மெதுவாச் சொன்னான்: "அவன் ஜெயிச்சா யாரும் கைதட்ட மாட்டாங்கடா, இளவரசன்தானேன்னு போயிடுவாங்க. தோத்தா மட்டும்தான் செய்தி."

அப்புறம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். அவன் இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பின ரெஸ்யூமே எதுக்கும் பதில் வரலைங்கறது எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை அவங்க அம்மா போன் பண்ணினா, "எல்லாம் நல்லாப் போகுதும்மா"ன்னு சொல்லிட்டு பால்கனிக்குப் போயிடுவான்.

விருதுநகருக்கு ஒரு தியரி உண்டு: வெஜிட்டாதான் கர்ணன். ரோஷக்காரன், எப்பவும் ரெண்டாவது இடம், பார்க்கறவங்க மனசுல முதல் இடம். 1964-ல சிவாஜியோட 'கர்ணன்', 1991-ல ரஜினியோட 'தளபதி'ன்னு பார்த்துப் பார்த்து, தோத்தவன் மேல பாசம் வைக்கறது நமக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சுன்னு சொல்லுவான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். கைக்குழந்தையாப் பெட்டியில வச்சு ஆத்துல விடப்பட்டவன் கர்ணன். கைக்குழந்தையா ஒரு கலத்துல வச்சு விண்வெளியில விடப்பட்டவன் கோகு. அங்க தேரோட்டி எடுத்து வளர்த்தார், இங்க கோஹன்னு ஒரு மலைவாசித் தாத்தா எடுத்து வளர்த்தார். கர்ணனை அரங்குல நிக்க வச்சு உன் குலம் என்னன்னு கேட்டாங்க. கோகுவுக்கு அது பொறந்தப்பவே கேட்டாச்சு. ஆகக் கர்ணனோட ஜாதகம் கோகுவுக்குத்தான்.

அப்புறம் ஏன் கோகுவுக்கு அந்தக் காயம் இல்ல? சின்ன வயசுல மலையில விழுந்து மண்டையில அடிபட்டதுல, எதுக்காக வந்தோம்ங்கறதே அவனுக்கு மறந்து போச்சு. தான் கடைநிலைங்கற விஷயமே இருபது வயசைத் தாண்டித்தான் அவனுக்குத் தெரிய வருது. அதுக்குள்ள அவன் ஆசை தீரச் சண்டை போட்டுப் பழகிட்டான். நம்பர் லேட்டா வந்துது, ஒட்டலை. வெஜிட்டாவுக்குத் தொட்டில்லயே ஒட்டிட்டாங்க. கம்மியா நம்பர் போட்டா மனுஷன் நொறுங்குவான்னு எல்லாருக்கும் தெரியும். ஜாஸ்தியாப் போட்டாலும் அது சுமைதான்னு சொன்ன கதை எனக்குத் தெரிஞ்சு இதுதான்.

சரி, தீர்ப்பு. ஸ்கவுட்டரைத் தூரப் போட்டுட்டு நடந்த சண்டையை மட்டும் எடுத்துக்கறேன்.

ஒண்ணு, பூமியில நடந்த முதல் சண்டை. கயோக்கென்னை நாலு மடங்கு ஏத்தி கோகு வெஜிட்டாவை மிஞ்சினது உண்மை. ஆனா வெஜிட்டா ராட்சசக் குரங்கா மாறினதும் கோகு எலும்பு நொறுங்கிக் கிடந்தான். யாஜிரோபே வாலை வெட்டி, க்ரில்லினும் கோகு மகன் கோஹனும் சேர்ந்துதான் காப்பாத்தினாங்க. தனித்தனியாப் பார்த்தா இது வெஜிட்டா கணக்கு. கோகு கட்சிக்காரங்க இதை மறைக்கக் கூடாது.

ரெண்டு, வெஜிட்டா சூனியக்காரன் பாபிடியோட வசியத்துக்கு வேணும்னே இடம் கொடுத்துட்டுப் போட்ட சண்டை. சரிசமம்னு தோணும். ஆனா கோகு அடுத்த நிலையைக் கையில வச்சுக்கிட்டே காட்டாம ஆடினான்னு பிற்பாடு வெஜிட்டாவுக்குத் தெரியுது. இது கோகு கணக்கு. கூடவே, எதிராளியை மதிக்காம ஆடின குத்தமும் அவன் கணக்குலதான்.

மூணு, 2022-ல வந்த 'டிராகன் பால் சூப்பர்: சூப்பர் ஹீரோ' படம். பெயரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் ஒரு காட்சி. உருமாற்றம் இல்ல, ஒளிக்கதிர் இல்ல. ரெண்டு பேரும் கை ஓயுற வரைக்கும் குத்திக்கறாங்க. கடைசிக் குத்து வெஜிட்டாவோடது. ஆளு சந்தோஷத்துல கத்துறான் பாருங்க, அடடா!

மொத்தமாப் பார்த்தா, உச்ச பலத்துல கோகு ஒரு படி மேல. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அந்தக் கடைசிக் குத்துக்கு ரொம்ப முன்னாடியே, மஜின் பூ சண்டையில தூர நின்னு பார்த்துக்கிட்டே வெஜிட்டா மனசுக்குள்ள ஒத்துக்கிட்டான், கோகுதான் முதல்னு. யாரும் கேக்கலை, எந்த மெஷினும் சொல்லலை. தன் மேல ஒட்டியிருந்த நம்பரைத் தானே பிச்சு எறிஞ்சவன், பிற்பாடு வெறும் கையால ஜெயிச்சான். என்னோட ஓட்டு அதுக்குத்தான். பலத்துக்குக் கோகு, அந்த ஒரு வேலைக்கு வெஜிட்டா.

ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டா செல்லாதுன்னு சொல்றவங்க, பீஷ்மர்கிட்டப் போய் மனு கொடுக்கலாம்.

டிஸ்கி: பிக்கோலோதான் பெரியவன்னு சொல்ற மூணாவது அணிக்கு டெபாசிட் கிடைக்காது. மன்னிக்கவும்.