காந்தாரம் இல்லாத கார்டு

1964-ல் லண்டனில் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறினார். கிட்டாருக்கு அவர் தேடிய கரகரப்பு கிடைத்தது. அவருடைய தி கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மீ’ அந்த ஒலியில்தான் சீறுகிறது.

இப்படிக் கரகரக்கும் கிட்டாரில் ராக் கலைஞர்கள் பெரும்பாலும் முழு கார்டு பிடிப்பதில்லை. ஷட்ஜம், பஞ்சமம், அவ்வளவுதான், காந்தாரத்தை விட்டுவிடுவார்கள். இதற்குப் பெயர் பவர் கார்டு. ஸ்வரத்தைக் குறைத்தால் பவர் எப்படிக் கூடும்?

கரகரப்பு என்பது ஒலி அலையின் உச்சி நறுக்கப்படுவதுதான். அப்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு ஸ்வரங்களின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஸ்வரங்கள் பிறக்கின்றன. ஷட்ஜத்துக்கு ஐந்தாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். பஞ்சமத்துக்கு நான்காம் தந்தியை இரண்டாம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏறக்குறைய 165. கழித்துப் பாருங்கள்: 55. வழக்கமான சுருதியில் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியே சுமார் 82 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது! எந்தத் தந்தியிலும் இல்லாத ஓர் ஆழம், சரியாக ஒரு ஸ்தாயி கீழே, தானாக வந்து சேர்கிறது. கூட்டினால் 275. அது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். விரல் தொடாத ஸ்வரம் சுத்தமாகவே வந்துவிடுகிறது.

அதே காந்தாரத்தை விரலால் பிடித்தால் கதை வேறு. சுத்தமான காந்தாரம் 137.5 ஹெர்ட்ஸ், ஃப்ரெட் தருவதோ 138.6. ஷட்ஜத்தோடு கழித்தால் 28.6, பஞ்சமத்தோடு கழித்தால் 26.2. ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு அடி ஒலிகள் விலகி நின்று உரசுகின்றன. கார்டு குழம்புவது இதனால்தான்.

காந்தாரத்தைக் கைவிடாமலே இதைச் சமாளித்தவர் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ். என் காதுக்கு ராக் உலகின் ஆகச் சிறந்த தாளக் கை அவருடையது. ஆம்ப்ளிஃபயரை அளவாகவே கரகரக்கவிட்டு, கிட்டாரை ‘ஓப்பன் ஜி’ சுருதியில் வைத்தார்: ஜி, டி, ஜி, பி, டி. அதிர்வெண்கள் ஏறக்குறைய 98, 147, 196, 247, 294. அதாவது 2, 3, 4, 5, 6 என்ற விகிதம். காந்தாரமான ‘பி’ கீழே நெருக்கியடிக்காமல் மேலே தனியாக நிற்கிறது. ஒற்றை விரலைக் குறுக்கே வைத்தால் முழு கார்டு. மிச்ச விரல்கள் ஸ்வரங்களைத் தட்டித் தட்டி எடுக்கலாம். 1969-ல் வந்த ‘ஹாங்கி டாங்க் விமன்’ இந்தச் சுருதியில் வாசித்ததுதான். ஆறாம் தந்தி ஷட்ஜத்துக்கும் கீழே பஞ்சமமாக ஒலிக்கும் என்பதால், அதைக் கழற்றியே விட்டார்.