மேஜர் முடிவாகாமலே கல்லூரியில் சேரலாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பங்களில் ‘எந்த மேஜர் (முதன்மைப் பாடம்)?’ என்ற இடத்தில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றும் பல இடங்களில் எழுதலாம். கட்ஆஃப் வந்த கையோடு பிரிவைத் தேர்ந்துவிடும் நமக்கு இது பொறுப்பின்மையாகத் தெரியும். அங்கே சில பல்கலைக்கழகங்களில் இப்படி முடிவெடுக்காத மாணவர்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம் அதை 1973-லேயே தொடங்கிவிட்டது.

முடிவெடுத்துவிட்டு வருகிறவர்கள் மட்டும் அதிலேயே நிற்கிறார்களா என்ன? 2011-12 கல்வியாண்டில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களை அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் தொடர்ந்து கவனித்தது. மேஜரை அறிவித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்குள் அதை மாற்றியிருந்தார். கணிதத்தில் தொடங்கியவர்களில் மாறியவர்கள் 52 சதவீதம்!

முடிவெடுக்காத மாணவருக்கு ஆலோசகர் முதலில் நீட்டுவது பெரும்பாலும் ஓர் ஆர்வச் சோதனை. உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-ல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த, மனிதர்களை ஆறு வகையாகப் பார்க்கும் முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. பேச்சைத் தொடங்க அது போதும்; அதைக் கேட்டு வாழ்க்கையைத் தீர்மானிப்பது ஜோசியம் பார்ப்பதற்குச் சமம்.

உண்மையான வேலை டைம்டேபிளில்தான் நடக்கிறது. பட்டம் பெற வழக்கமாக 120 கிரெடிட் தேவை. செமஸ்டருக்குச் சுமார் 15. அதில் கணிசமான பங்கு எல்லோருக்கும் பொதுவான பாடங்கள். தெரியாத துறைகளை அந்த இடத்தில் எடுத்துப் பார்க்கலாம், கிரெடிட் வீணாகாது. பொருளாதாரமா, உளவியலா என்று தடுமாறும் மாணவிக்கு முதல் செமஸ்டரில் புள்ளியியல் தரலாம். இரண்டிலுமே அது வேண்டியிருக்கும். பொறியியலும் மனதில் இருந்தால் கால்குலஸைத் தள்ளிப்போடவே கூடாது. அங்கே ஒரு பாடம் முடித்தால்தான் அடுத்தது. ஓராண்டு விட்டால் பட்டமே தள்ளிப்போகலாம். பொறியியலிலிருந்து வரலாற்றுக்கு மாறுவது எளிது, வரலாற்றிலிருந்து பொறியியலுக்குப் போவது சிரமம்.

எல்லாக் கதவும் திறந்திருப்பதில்லை. குறிப்பாகக் கணினி அறிவியல். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2023 முதல் சேர்க்கையின்போதே அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். உள்ளே போனபின் மாறுவது மிகக் கடினம். வாஷிங்டன் பல்கலைக்கழகம் வேறு வழி வைத்திருக்கிறது: பிரிவு குறிக்காமல் பொறியியலில் சேர்த்துக்கொண்டு, முதலாண்டு முடிவில் துறை ஒதுக்குகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ‘உள்ளே வந்தபின் எந்தெந்தத் துறைக்கு மாற முடியாது?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

இங்கிருந்து போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேஜர் மாறினால் மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்திலும் மாற்ற வேண்டும். இப்போதைய விதிப்படி படிப்பு முடிந்தபின் 12 மாதங்கள் வேலை அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பென்றால் கூடுதலாக 24 மாதங்கள். பட்டியலில் சேர்வது மேஜரின் அரசுக் குறியீட்டு எண்ணைப் பொறுத்தது. பொதுப் பொருளாதாரத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அளவுசார் பொருளாதாரத்துக்கு உண்டு. ஒரே துறை, ஏறக்குறைய அதே பாடங்கள். மேஜரை அறிவிக்கும் முன் அந்த எண் என்னவென்று ஆலோசகரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.