‘கே’ கேட்டால் ‘கோ’ ஏன் வருகிறது?

ஆய்வுக்காகச் சேர்த்த நூல் விவரங்களை சோலார் தேடுபொறியில் ஏற்றி வைத்திருக்கிறேன். எந்த ஆசிரியருக்கு எத்தனை நூல் என்பதை ஃபேசட் எண்ணிக்கை காட்டும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 100 பெயர்தான் வரும். அதனால் ‘கே’யில் தொடங்கும் பெயர்களை மட்டும் பார்க்க ஃபேசட்.பிரிஃபிக்ஸ் கொடுத்தேன்.

இது தேடல் முடிவைக் குறைக்காது. எண்ணிக்கைப் பட்டியலில் எந்தப் பெயர்கள் வரணும் என்பதை மட்டுமே குறைக்கும். முடிவே குறையணும்னா எஃப்க்யூ வேண்டும். இன்னொன்று, கொடுத்த முன்னொட்டை சோலார் அப்படியே, குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடும்.

சிக்கல் அங்கேதான். ‘கே’ பட்டியலில் ‘கோபாலன்’ வந்து நின்றார்! எழுத்துப்பிழை என்று நினைத்தேன். இல்லை. யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது ககரம், இரட்டைக் கொம்பு, கால் என மூன்று குறியீடுகள். திரையில் ரெண்டும் ஒண்ணுதான். ஆனால் இரண்டாவது வகையின் முதல் இரண்டு குறியீடுகள் ‘கே’யேதான். ‘கோ’ என்று கேட்டால் அது சிக்காது.

விளைவு, ஒரே கோபாலன் இரண்டு வரியாகி, எண்ணிக்கையும் உடைந்திருந்தது. கட்டுரை வரைவில் நான் போட்ட எண் தப்பு.

தீர்வு எளிது: எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றி மறுபடி ஏற்றினேன், தேடும் முன்னொட்டையும் அப்படியே மாற்றுகிறேன். இப்போது கோபாலன் ஒருவர்தான். வரைவில் உள்ள மற்ற எண்களையும் உட்கார்ந்து திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன்.